முழங்கால் உயரத்தில் ஒரு காவிக் கோடு

முப்பத்து மூன்று வருடம் புவியியல் வாத்தியாராக இருந்தேன். நைல் நதி எந்த மாதம் பெருகும், ஏன் பெருகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் நான் குடியிருக்கும் தெருவில் தண்ணீர் எதுவரை வரும் என்று எதிர்வீட்டு அம்மா கேட்டபோது தப்பாகச் சொன்னேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. வாத்தியார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அது லேசில் வராது.

அந்த விஷயத்துக்குப் போகும் முன்னால் எங்கள் நகர் எங்கே இருக்கிறது, எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழக்கதோஷம்.

பாளையங்கோட்டையிலிருந்து தெற்கே வந்து பாளையங்கால்வாயைத் தாண்டினால் ஒரு பெரிய குளம். அந்தக் குளத்துக்குக் கீழே, கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த வயல்தான் எங்கள் நகர். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக விழுந்து, ஒரு ஓடையில் இறங்கி, அடுத்த குளத்துக்குப் போகும். இந்தப் பக்கத்துக் குளங்கள் எல்லாம் அப்படித்தான், ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்கு. அந்த ஓடை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அதன் மேல்தான் எங்கள் இரண்டாம் தெரு இருக்கிறது. மற்ற தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருக்கும். இரண்டாம் தெரு மட்டும் நடுவில் ஒரு வளைவு வளைந்து போகும். இருபத்தைந்து வருடம் அந்த வளைவில் ஸ்கூட்டரைச் சாய்த்து ஓட்டியிருக்கிறேன். ஏன் வளைகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

மனை போட்டபோது முதலில் வந்தவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெரு முனையில் முதல் வீடு அவருடையது. அப்போது சுற்றிலும் வயல், இந்த ஒரு வீடு மட்டும் நின்றதாம். பிறகு என்னைப் போன்ற வாத்தியார்கள், கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாங்கியில் வேலையாக வந்த ஒரு குடும்பம், ராதாபுரம் பக்கத்துக் கடைக்காரர்கள். அப்புறம் வளைகுடாவில் சம்பாதித்தவர்கள் கட்டிய மாடி வீடுகள். கடைசியாக, லிஃப்ட் வைத்த அடுக்குமாடி ஒன்று. முதலில் இந்த இடத்துக்குக் குளத்தின் பெயர்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் குளத்தின் பெயரைப் போட்டால் கிராமம் என்று நினைக்கிறார்கள், வேறு பெயர் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசி மனுக் கொடுத்தோம். மனுவை எழுதியவன் நான்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். குளம் போய் நகர் வந்தது.

இனி எதிர்வீட்டு அம்மா. என்னைவிட ஆறேழு வயது இளையவர். சொந்த ஊர் மேலப்பாளையம். கல்லிடைக்குறிச்சிக் குடும்பம் சென்னைக்குப் போனபோது அந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு முன், மேலப்பாளையத்தில் இருந்தபோது, கணவர் சவூதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். வராத நாட்களில் கேசட் வரும். போன் பேச ஆகும் செலவுக்குப் பயந்து, அங்கே உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்து, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். இங்கே இவர் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, பதிலைப் பேசி வேறு கேசட்டில் அனுப்புவார். அந்தக் காலத்தில் மேலப்பாளையத்தில் பல வீடுகளில் குடித்தனம் அப்படித்தான் நடந்தது. ஒரு தடவை கேசட் வரவில்லை, செய்திதான் வந்தது. மாரடைப்பு. அடக்கமும் அங்கேயே. இவரும் மகளும் முகம்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு கேசட்டுகள் மிஞ்சின. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அவருடைய லுங்கியால் சுற்றி, பரணில் வைத்திருந்தார். டேப் ரெக்கார்டர் எப்போதோ ரிப்பேராகிவிட்டது. போட்டுக் கேட்க வழி இல்லை. வருடத்துக்கு ஒரு முறை, கணவர் இறந்த தினத்தன்று, என் மனைவி போய் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, இவர் ஏறி டப்பாவை இறக்கி, தூசி தட்டி, பார்த்துவிட்டு மறுபடி மேலே வைப்பார். "கேக்கணும்னு இல்ல மதினி. இருக்குன்னு இருந்தாப் போதும்" என்பாராம். சென்னையிலிருக்கும் மகள், பிள்ளைகளின் அரையாண்டு லீவுக்கு வரும்போது எல்லாவற்றையும் போனில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த வருடம் வைகாசியில் நானும் என் மனைவியும் ஜெர்மனிக்குப் போனோம். மகன் அங்கே ஒரு ஆற்றங்கரை நகரத்தில் வேலை பார்க்கிறான். பேத்தி பிறந்திருந்தாள். மூன்று மாதம் தங்கினோம். மனைவிக்கு வீட்டில் வேலை இருந்தது, எனக்கு இல்லை. பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தக் குடியிருப்பைத் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கும் பகுதி அது. ஒரு காலத்தில் காய்கறித் தோட்டமாம். பிறகு ஆலைத் தொழிலாளிகளுக்கு நாலு மாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்த இடங்களில் மட்டும் மொட்டையாகப் புதுக் கட்டடங்கள், பல் விழுந்த இடத்தில் செயற்கைப் பல் வைத்த மாதிரி. இப்போது கீழே துருக்கிக்காரர் காய்கறிக் கடை, மேலே எங்கள் மகனைப் போன்றவர்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தெருப் பெயர்ப் பலகைக்கு அடியில் சின்னதாக இன்னொரு பலகை வைத்து எழுதியிருக்கிறார்கள். மகன் படித்துச் சொல்வான். 'இந்தத் தெரு துணி துவைக்கும் துறைக்குப் போன பாதை.' 'இங்கே ஆலைக்கு ஓடை வந்தது.' ஒரு தெரு வளைந்து போனது. பலகையைப் பார்த்தால், அடியில் ஓடை. எனக்குச் சுரீர் என்றது. எங்கள் இரண்டாம் தெரு கண் முன்னால் வந்து நின்றது.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. மகன் இருந்த கட்டடத்தின் நுழைவாயில் கல்லில் நாலைந்து கோடுகள் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருடம். ஆற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் நின்ற உயரம் அது. மேல் கோடு என் தலைக்கும் மேலே இருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வயதான பெண்மணி இருந்தார், பூவாளியும் கையுமாகத்தான் எப்போதும் இருப்பார். நான் கோடுகளைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு, ஒரு நாள் என்னை அடித்தளத்து அறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அங்கேயும் சுவரில் ஒரு கோடு. அதற்குக் கீழ்த் தட்டில் உருளைக்கிழங்கும் விறகும், மேல் தட்டில் புகைப்பட ஆல்பங்களும். 'போனால் உருளைக்கிழங்கு போகட்டும்' என்பதுபோலக் கையைக் காட்டிச் சிரித்தார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை இல்லாவிட்டாலும் எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கி, அந்தக் குடியிருப்பைப் பற்றி முழுவதும் எழுதி முடித்தேன். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் நகருக்கும் ஒன்று எழுத வேண்டும் என்று துடிப்பு. சங்கக் கூட்டத்தில் வாசிப்பதாகவும் சொல்லிவிட்டேன். என் மனைவி, "அங்க போயி ஒரு பைத்தியத்தப் பிடிச்சிட்டு வந்துருக்கிய" என்றாள். பாதி சரி. பைத்தியம் முன்னாலேயே இருந்தது, அங்கே போய் ஒரு காரணம் கிடைத்தது.

முதல் வேலையாகத் தெரு முனை வீட்டுக்குப் போனேன். நில அளவைக்காரர் காலமாகிவிட்டார், மருமகள் இருந்தார். முன்சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு காவிக் கோடு ஓடும். நான் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிற கோடுதான். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு வெள்ளையடித்துக் காவிப்பட்டை போடுவது வழக்கம். இதுவும் அது என்றுதான் நினைத்திருந்தேன்.

மருமகள் சொன்னார்: "இல்ல சார். மாமா வந்த புதுசுல ஒரு வெள்ளம் வந்துச்சாம். தண்ணி எங்கன நின்னுச்சோ அங்கன மாமா உளிய வச்சுக் கொத்திட்டாவ. இந்தாப் பாருங்க, பள்ளம் இருக்குல்லா. பொங்கலுக்கு வெள்ளையடிச்சா மறைஞ்சிரும்னு, அது மேல காவியப் போட்டுருவாவ. சாவும்போதும் அதத்தான் சொன்னாவ. நாங்க விடாம போடுதோம்."

விரலை வைத்துப் பார்த்தேன். காவிக்கு அடியில் உளி கொத்திய பள்ளம். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஜெர்மனியில் கல்லில் வெட்டியதை எங்கள் ஆள் ஒருவர் சுண்ணாம்புச் சுவரில் வெட்டி, வருடா வருடம் காவி பூசிக் காப்பாற்றியிருக்கிறார். வெளியே வந்து தெருவைப் பார்த்தேன். வலது பக்கமும் இடது பக்கமும், வீட்டுக்கு வீடு காவிக் கோடு! சில வீட்டில் இடுப்பளவு, சில வீட்டில் தொடையளவு, சில வீட்டில் முழங்கால். எல்லாருமே குறித்து வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் இத்தனை நாள் கண் தெரியவில்லை என்று நினைத்தேன்.

உண்மை எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் முனை வீட்டுக் கோட்டைப் பார்த்து, இந்தத் தெருவின் பொங்கல் வழக்கம்போல என்று தாங்களும் போட்டார்கள். நெஞ்சுயரத்தில் போட்டால் வீட்டை இரண்டாக வெட்டினமாதிரி இருக்கிறது என்று அவரவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் இறக்கிப் போட்டார்கள். ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்தது. தெருக் கடைசிக்கு வருவதற்குள் கோடு முழங்காலுக்கு வந்துவிட்டது. என் வீட்டில்கூட அப்படி ஒரு கோடு இருந்தது. யார் போட்டது என்று யோசித்தேனா? பெயிண்டர் போட்டிருந்தார். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

விளக்கத்துக்கா என்னிடம் பஞ்சம். ஒவ்வொரு வீட்டுக் கோட்டையும் டேப் வைத்து அளந்தேன். ஒரே வெள்ளம் ஒரு வீட்டில் நெஞ்சளவும் இன்னொரு வீட்டில் முழங்காலளவும் நிற்கிறது என்றால், முழங்கால் வீடு மேட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பாடம் அப்படித்தான் சொல்கிறது. அதை வைத்துச் சம உயரக் கோடுகள் போட்டு, கலர் பென்சிலால் தீட்டி ஒரு வரைபடமே தயார் செய்தேன். முனைப் பக்கம் பள்ளம், எங்கள் பக்கம் மேடு. தார் மேல் தார் போட்டுச் சாலை வேறு எங்கள் பக்கம் உயர்ந்து கிடந்தது, கண்ணுக்கும் மேடாகத்தான் தெரிந்தது. சங்கக் கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டினார்கள். சார் ஜெர்மனி போய்விட்டு வந்ததற்கு ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அன்று நடந்து வீட்டுக்கு வந்தேனா, மிதந்து வந்தேனா தெரியாது.

எதிர்வீட்டு அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் காலையில் கேட்டில் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"சார், என்னமோ தண்ணி வாரதப் பத்திப் பேசினியளாமே. நம்ம தெருவுல தண்ணி வருமா? வந்தா எதுவரைக்கும் வரும்? ரொம்ப நாளா விவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

நான் அவர் வீட்டுச் சுவரைக் காட்டினேன். முழங்கால் உயரத்தில் காவிக் கோடு. "அந்தாத் தெரியுதுல்லாம்மா. பெருவெள்ளத்துக்கே அவ்வளவுதான். நீங்க ரெண்டு படி ஏறித்தானே உள்ள போறிய. வீட்டுக்குள்ள கணுக்கால் நனையும், அவ்வளவுதான்."

அவர் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். "அது பெயிண்டர் போட்டதுல்லா சார்? நாங்க வீடு வாங்கி நோம்புக்கு முந்தி வெள்ளையடிக்கையில, தெருவுல எல்லா வீட்டுலயும் இருக்கு, உங்களுக்கும் போடுதேன்னு சொல்லிப் போட்டான்."

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவர் சொன்னதுதான் சரி. விஷயம் தெரிந்தவர் அவர், தெரியாதவன் நான். "அவன் பழைய கோட்டு மேலதான் போட்டிருப்பான். அதுக்கு முந்தி இருந்தவங்க குறிச்சு வச்சிருப்பாங்க. நான் எல்லா வீட்டையும் அளந்துட்டேம்மா" என்றேன். அளந்துவிட்டேன் என்றால் யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்.

"சார் சொன்னாச் சரிதான்" என்றார்.

அதோடு விட்டேனா? அந்த ஜெர்மன் பெண்மணியின் அலமாரி மண்டைக்குள் இருந்தது. அடுத்த வாரம் கணவர் இறந்த தினம். என் மனைவியோடு நானும் போயிருந்தேன். அவர் முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறப் போனார். "இந்த வயசுல எதுக்கு இந்த வேல? பரண்ல தளத்துச் சூடு வேற இறங்கும், டேப்புக்கு ஆகாது. கணுக்காலுக்கு மேல தண்ணி வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. இடுப்பு உயரத்துல வச்சாலே தாராளம்" என்று சொல்லி, நானே ஏறி, லுங்கி சுற்றிய அந்த டப்பாவை இறக்கி, சுவர் அலமாரியின் நடுத் தட்டில் வைத்தேன். கையில் எடுத்துப் போய் வைத்தவன் நான். இதை எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலும் வேறு மாதிரி ஆகமாட்டேன் என்கிறது.

மார்கழி பிறந்த கையோடு அந்த மழை வந்தது. ஞாயிறு முழுவதும் நிற்கவே இல்லை. திங்கள் விடியும்போது குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து, தண்ணீர் இரண்டாம் தெரு வழியாகத் தன் பழைய பாதையில் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு மாடி உண்டு, எதிர்வீட்டுக்கு இல்லை. கணுக்கால் தண்ணீரில் நடந்து போய் அவரை அழைத்து வந்தேன். வீட்டுப் பத்திரமும் மாத்திரைகளும் ஒரு பையில். என் வீட்டுப் படியேறும்போது நின்றார்.

"சார், அந்த டப்பாவ மட்டும் எடுத்துட்டு வந்துருதேன். ரெண்டு நிமிசம்."

தண்ணீர் அப்போது என் பாதி முழங்கால்கூட இல்லை. ஒரு சின்னப் பிள்ளைகூட நடந்து போய் எடுத்து வந்திருக்கலாம். நான் போயிருக்கலாம். "அது இடுப்புக்கு மேலல்லா இருக்கு. அங்க வரைக்கும் வராதும்மா. நனையாதிய, மேல வாங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் தன் வீட்டுக் கோட்டைப் பார்த்தார். தண்ணீர் அதற்குக் கீழேதான் இருந்தது. மேலே வந்தார்.

காலை எட்டரை மணிக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டது. இதோடு நின்றுவிடும் என்று என் மனைவியிடம் சத்தமாகவே சொன்னேன். ஒன்பது மணிக்குக் கோடு தெரியவில்லை. பத்து மணிக்கு எதிர்வீட்டு ஜன்னல் பாதி மறைந்தது. நாங்கள் மூன்று பேரும் மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு கேஸ் சிலிண்டர் உருண்டு உருண்டு மிதந்து போனது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனேன். என் மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாவும், "வேண்டாம் சார், இழுப்பு பலமா இருக்கு. போனது போட்டும்" என்றார். அவர் அழவில்லை. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் அந்த ஜன்னலில் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. அலமாரி மரம் ஊதி, கதவு திறக்க வரவில்லை. கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். டப்பா கவிழ்ந்து கிடந்தது. கேசட்டுகளுக்குள் சேறு. நானும் என் மனைவியும் ஒவ்வொன்றாகக் கழுவி, எங்கள் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தோம். அதுவும் தப்பாம். மகன் போனில் பிறகு சொன்னான், வெயிலே காட்டியிருக்கக் கூடாது என்று. ஜங்ஷனில் பழைய ரேடியோ கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டு போனேன். ஒன்றைத் திறந்து பார்த்தார். டேப் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் பொடி உதிர்ந்தது.

"யாரு பாட்டு சார் இது?" என்று கேட்டார்.

"பாட்டு இல்ல" என்றேன்.

வாரக் கடைசியில் மகள் பிள்ளைகளோடு வந்தாள், அரையாண்டு லீவுக்கு. கேசட் ஓட்டும் மெஷின் ஒன்றைச் சென்னையில் தேடி வாங்கி வந்திருந்தாள். அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மாமா" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வருடம் தெருவில் பொங்கலுக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. சுவர் எல்லாம் ஈரம். எல்லார் வீட்டிலும் சேற்றுத் தண்ணீர் நின்ற தடம் மட்டும் ஒரே மட்டத்தில், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கலர் பென்சில் வரைபடம் ஞாபகம் வரும். வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். கிழிப்பதற்கு முன்னால் என் மனைவி, "சம்பந்தப்பட்டவங்ககிட்ட போயி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டியளா?" என்றாள். கேட்கவில்லை. எதிரெதிர் வீடு, தினமும் பார்க்கிறோம், காய்கறி வண்டியில் சேர்ந்து நிற்கிறோம். அந்த வார்த்தையும் என் வாயில் வரவில்லை.

பங்குனியில், நோன்புக்காலத்தில், அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. அதே பெயிண்டர், இப்போது தலை நரைத்துவிட்டது. சேற்றுத் தடத்தின் மேல் முதல் கோட் அடித்தாகிவிட்டது. பெயிண்டர் தெருவைத் தாண்டி வந்து கூப்பிட்டார். "காவி எங்கன போடணும்னு அம்மாகிட்ட கேட்டேன் சார். சாரைக் கேட்டுப் போடுன்னாவ."

குத்திக் காட்டுகிறாரா என்று முதலில் நினைத்தேன். அப்படிப்பட்டவர் இல்லை. பக்கத்துத் தெருவில் கட்டட வேலை நடந்தது. அங்கே கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் டியூபை வாங்கி வந்தேன். பார்த்திருப்பீர்கள், நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையில் எந்த உயரத்தில் தண்ணீர் நிற்கிறதோ, அதே உயரத்தில்தான் மறு முனையிலும் நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சமாசாரம். முனை வீட்டில் அந்த மருமகள், உளி கொத்திய பள்ளத்துக்கு நேராக டியூபைப் பிடித்துக்கொண்டார். குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. வீடு வீடாக மட்டத்தை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தோம். எதிர்வீட்டுச் சுவருக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் என் தோளுக்கு மேலே போய் நின்றது. முனை வீட்டைவிட இந்த வீடுதான் பள்ளம். பாதி அழிந்திருந்த சேற்றுத் தடம் அதற்கு நாலு விரல் கீழே இருந்தது.

அரை மணி நேரம். ஆவணியிலேயே இதைச் செய்திருந்தால் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறெந்த வார்த்தையும் அதற்குப் பொருந்தாது.

எதிர்வீட்டு அம்மா உள்ளேயிருந்து வந்து நின்று, சுவரில் பென்சிலால் நான் போட்ட குறியைப் பார்த்தார்.

"இவ்வளவு உசரமா சார்?"

"ஆமாம்மா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீங்க பெயிண்டர் போட்டதுன்னு சொன்னிய. நீங்க சொன்னதுதான் சரி. என்ன மன்னிச்சிருங்க."

பெயிண்டர் தூரிகையைக் காவியில் முக்கிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கேசட்டுல அவுக ஒண்ணு சொல்லியிருந்தாவ சார்" என்றார் எதிர்வீட்டு அம்மா. "இந்த வீட்டுக்கு விலை பேசிக்கிட்டிருந்த நேரம். 'குளத்துக்குக் கீழ இருக்க எடம்ங்காங்க, தண்ணி வருமான்னு நல்லா விவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட கேட்டுக்கோ'ன்னு. அது வந்து சேந்து பத்து நாள்ல மவுத்தாயிட்டாவ. அப்புறம் யாருகிட்ட போயி கேக்கது? மனசுலயே கெடந்துச்சு. அன்னைக்கு நீங்க கூட்டத்துல பேசினியன்னு கேள்விப்பட்டதும் ஓடி வந்து கேட்டேன்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அவுக சொன்ன மாதிரி கேட்டுட்டேன்னு அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு நிம்மதி சார்."

பெயிண்டர் சுவரில் ஆணி அடித்து நூலைக் கட்டினார். மறு முனையை யாராவது பிடிக்க வேண்டும் என்றார். நான் பிடித்தேன். தோளுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கோடு போட்டு முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.